பெட்டிக்குள் பெட்டி: பெருமாள்புரத்து டிவி அலமாரி ஒன்றின் ஒலி ஆய்வு

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கு என்னை அழைத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தொலைபேசியில் அவர் சொன்ன முதல் குறை இது: "செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறார் தம்பி. உழவு என்கிறாரா, உளவு என்கிறாரா என்றே தெரியவில்லை." பதினெட்டு ஆண்டுகளாக வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒலி அமைப்பு செய்து வருகிறேன். குறையை இவ்வளவு துல்லியமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. குடம் ஒரு நோய், உழவும் உளவும் குழம்புவது வேறொரு நோய் என்பது அங்கே போய் இரண்டு நாள் அளந்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

அவருடைய கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த ஊர் சேரன்மகாதேவி. பக்கத்து ஊரான காருகுறிச்சி தந்த நாதசுர மேதை அருணாசலத்தின் பழைய பதிவுகளைக் கேட்பதற்காகவே இந்த ஒலி அமைப்பை வாங்கியிருக்கிறார். 1964-இல் மறைந்துவிட்ட கலைஞர். நமக்கு மிஞ்சியிருப்பது ஒலிப்பதிவுகள் மட்டும். அதில் ஒரு நாதம் கெட்டாலும் கணவருக்கு மனம் ஆறவில்லை. "தவிலில் வலந்தலை கேட்கிறது. தொப்பி மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்து உறுமுகிறது. உறுமல் இருக்கிறது, அடி இல்லை" என்றார். வலந்தலை தவிலின் உயர்ந்த ஒலி தரும் பக்கம், தொப்பி தாழ்ந்த ஒலி தரும் பக்கம்.

ஒரு விஷயத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. இடப்பக்கச் சுவரோரம் சாய்வு நாற்காலியில் அமரும் ஆசிரியைக்கு, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் தாங்க முடியாத அளவுக்கு முழங்கியது. பின்சுவரை ஒட்டிய சோபாவின் நடுவில் அமரும் கணவருக்கோ அது போதவில்லை. ஒருவர் கூட்ட, மற்றவர் குறைக்க, ரிமோட் கை மாறிக்கொண்டே இருந்தது. இவை போக, மேல்தட்டில் இருந்த வெண்கல விளக்கு சிலம்பியது. கண்ணாடிக் கதவு நடுங்கியது. சித்திரை வெயிலில் சப்வூஃபர் முக்கால் மணி நேரத்தில் தானாக அணைந்துபோனது.

அலமாரி

கூடம் 16-க்கு 12 அடி, உயரம் 10 அடி. தரை கிரானைட், சுவர் செங்கல்மேல் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். தாழ்ந்த ஒலியை விழுங்கக்கூடிய பொருள் அந்தக் கூடத்தில் ஒன்றும் இல்லை. 12 அடிச் சுவரில் 10 அடி நீளம், 7 அடி உயரம், ஒன்றரை அடி ஆழத்தில் அலமாரி. உடல் 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே தேக்கு வெனீர். நடுவில் 55 அங்குல டிவி. அதன் இருபுறமும் ஸ்பீக்கருக்கென்று 14 அங்குல அகலம், 20 அங்குல உயரத்தில் மாடங்கள். மாடங்களுக்கு வெளிப்புறம் 11 அங்குல அகலத்தில் புத்தகத் தட்டுகள். கீழே இடது கோடியில் 28 அங்குல அகல அறை. அதற்குள் கதவை மூடிச் சப்வூஃபர். டிவிக்குக் கீழே இழுப்பறைகள்.

ஆசாரியின் வேலை அருமையானது. ஒரு மூலைகூட விலகவில்லை. கீல் ஒவ்வொன்றும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறை வந்ததும் எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவு ஸ்பீக்கர் உள்ளே நுழைவதற்கான அளவு மட்டுமே. அது உள்ளே போன பிறகு எப்படி மூச்சுவிடும் என்று அவரிடம் யாரும் பேசவில்லை. அமைப்பை விற்ற கடைக்காரர்கள் வந்து மாட்டிவிட்டுப் போனதோடு சரி.

முக்காலிமேல் வைத்துக் கேட்டது

முதலில் ஸ்பீக்கர்கள் இரண்டையும் மாடத்திலிருந்து எடுத்து, அலமாரிக்கு இரண்டடி முன்னால் இரண்டு முக்காலிகளில் வைத்தேன். ஆசிரியை செய்தியைப் போடச் சொன்னார். வாசிப்பவர் குடத்திலிருந்து தலையை எடுத்துவிட்டார். பழுது ஸ்பீக்கரில் இல்லை என்பதற்கு அந்த ஐந்து நிமிடம் போதும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. புது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யோசிக்கும் எவரும் முதலில் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். நல்ல பொருளைக் குற்றம் சொல்லி விற்றுவிடும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம்தான் மிச்சம்.

பிறகு அளவீட்டு மைக்கை சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் காது உயரத்தில் நிறுத்தி, 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது நொடிக்கு 20 அதிர்விலிருந்து, மேலேறும் ஒலியை ஓடவிட்டு மடிக்கணினியில் வரைந்துகொண்டேன். ஸ்பீக்கர் முக்காலியில் இருந்தபோது ஒரு கோடு, மாடத்தில் இருந்தபோது ஒரு கோடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அலமாரி தன் பங்குக்கு எதைச் சேர்க்கிறது என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

மாடம் ஏன் குடமாகிறது

வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குடத்தின் வாயில் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக அசைந்து, அந்தக் குடத்துக்கே உரிய ஒரு சுருதியில் 'பும்' என்கிறது. யார் தட்டினாலும் அதே சுருதிதான். ஒலி அலமாரியின் மாடமும் அப்படியே. ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த குழியில், ஆழத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள அலை நன்றாகத் தங்கிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 190 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆனால் வாய் அகலமான குழியில் வாசலுக்கு வெளியே உள்ள காற்றும் சேர்ந்து ஆடும். அதனால் குழி இன்னும் ஆழமானதுபோல நடந்துகொள்ளும், சுருதி இறங்கும். நான் அளந்தபோது கோட்டில் மேடு 150 ஹெர்ட்ஸ் அருகே 7 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) உயரத்தில் நின்றது.

வயதுவந்த ஆணின் பேச்சுக்குரல் பொதுவாக 85 முதல் 155 ஹெர்ட்ஸுக்குள் அடிச்சுருதி கொண்டது. ஆக, செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மாடமும் கூடவே வாயைத் திறந்தது. ஆசிரியை குடம் என்று சொன்னது உவமை அல்ல, நடப்பு.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. இந்த ஸ்பீக்கர்களுக்குக் காற்றுத்துளை பின்பக்கம். துளைக்கும் அலமாரியின் முதுகுப் பலகைக்கும் இடையே இரண்டு அங்குலம்தான் இருந்தது. துளையிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி முழுவதும் அந்த 6 மில்லிமீட்டர் பலகையை உதைத்துவிட்டு மாடத்துக்குள்ளேயே சுழன்றது. மேலும், திறந்த வெளியில் நிற்கும் சிறிய ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த ஒலி பின்னாலும் பரவி வீணாகும். வடிவமைப்பாளர் அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் தாழ்சுருதியைத் தூக்கி வைத்திருப்பார். சுற்றிலும் பலகை வந்துவிட்டால் இழப்பு இல்லை, எல்லாம் முன்னால் வருகிறது; உச்சமாக 6 டெசிபல் வரை கூடும். தூக்கி வைத்ததும் இதுவும் சேர்ந்தால் குரல் கனத்துப்போகும்.

மரப்பெட்டியே கெடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இன்று நாம் பயன்படுத்தும் சுருள் ஸ்பீக்கரை அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் முன்வைத்தபோதே, கூம்பின் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி அழித்துவிடாமல் காக்க ஒரு பலகை தேவைப்பட்டது. நம் தாத்தாக்கள் வீட்டு ரேடியோகிராம் ஒரு மரச்சாமான்தான். ஆனால் அங்கே மரப்பெட்டிதான் ஸ்பீக்கரின் உடல். இரண்டையும் சேர்த்தே ஒருவர் யோசித்துச் செய்தார். இப்போது நாம் செய்வது முழுமையாகச் செய்து முடித்த ஒரு பெட்டியை, அதைப் பற்றி எதுவும் அறியாத இன்னொரு பெட்டிக்குள் வைப்பது. ஸ்பீக்கர் ஒன்று அலமாரியின் முகத்தோடு முகமாக உட்கார்ந்து அதன் பகுதியாகிவிட வேண்டும், அல்லது அதைத் தொடாமல் தனியே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்பதே எல்லாவற்றிலும் மோசமான நிலை. இந்த வீட்டில் நான் செய்த எல்லாமே இதிலிருந்து வந்ததுதான்.

உழவும் உளவும்

ஸ்பீக்கரின் முகம் மாடத்தின் விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே தள்ளி இருந்தது. உயர்ந்த ஒலியின் ஒரு பகுதி நேராக வருகிறது. இன்னொரு பகுதி பக்கப் பலகையின் விளிம்பில் பட்டுத் திரும்பி, சுமார் 8 சென்டிமீட்டர் கூடுதலாக நடந்து வந்து சேர்கிறது. 2,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் இது ஏறத்தாழப் பாதி. அந்தப் பகுதியில் ஒலி ஓரிடம் கூடி ஓரிடம் தேய்ந்து, கோடு மேடும் பள்ளமுமாகியிருந்தது.

இந்த 2,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதி தமிழ் கேட்பவர்களுக்கு உயிரான இடம். நாக்கை மடித்து ழகரம் சொல்லும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாய்க்குழி வலுவாக்கித் தரும் ஓசைப் பகுதிகளில் ஒன்று) அங்கேதான் இறங்கி வருகிறது. லகரத்தில் அது மேலேயே நிற்கிறது. அந்த இடத்தைக் கலைத்துவிட்டால் காது எதைப் பிடித்துக்கொண்டு பிரித்தறியும்?

சரிபார்க்க ஒரு வழி சொன்னேன். ஆசிரியை அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டார். உழவு, உளவு, உலவு; விழை, விளை, விலை; கழி, களி, கலி என்று முப்பது சொற்களை முறைமாற்றித் தன் குரலில் பதிவு செய்தார். கணவர் சோபாவில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டதை எழுதினார். சிவப்பு மையில் திருத்தப்பட்ட விடைத்தாளில் 19 சரி. இத்தனை ஆண்டு நான் பயன்படுத்திய எந்த அளவீட்டையும்விட அந்தத் தாளை அதிகம் நம்பினேன். வீட்டுக்காரர்களுக்கு வேண்டியது அதுதானே.

கோலமாவு காட்டியது

சப்வூஃபர் அறையைத் திறந்தபோது அனல் அடித்தது. பின்புறம் ஆம்ப்ளிஃபையர் தகடு. அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மூடிய முதுகுப் பலகை. வெப்பம் வெளியேற வழியே இல்லை. அது தானாக அணைந்தது தற்காப்புக்காகத்தான். அப்படி அணையாமல் இருந்திருந்தால் எரிந்திருக்கும். கதவின் இடுக்கு வழியே காற்று சீறியது. மூடிய அறை, சின்ன இடுக்கு: இதுவும் ஒரு குடம், வாய் குறுகிய குடம். இது போதாதென்று எந்தச் சுருதி வரை சப்வூஃபர் ஒலிக்கலாம் என்று வைக்கும் உயர்வரம்புத் திருகு 150 ஹெர்ட்ஸில் இருந்தது. ஆண் குரலின் அடிப்பகுதி முழுவதும் இந்த அறைக்குள்ளிருந்தும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை 80-க்கு இறக்கியதும் பாதிப் பாரம் இறங்கியது.

சப்வூஃபருக்கு அடியில் நான்கு ரப்பர் புஷ்களை வைத்திருந்தார்கள். அதிர்வைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தவையாம். கெட்டியான ரப்பர்; பாரத்தில் கால் மில்லிமீட்டர்தான் அமுங்கியிருந்தது. அமுங்கும் அளவுக்கும் அதிர்வுத் தடுப்புக்கும் நேரான கணக்கு இருக்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் சொந்த அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். கால் மில்லிமீட்டர் என்றால் 31 ஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடும். சொந்த அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல்தான் தடுப்பு தொடங்கும். அதை ஒட்டிய இடத்தில் தடுப்பதற்குப் பதில் தூண்டிவிடும். ஆக, அந்த புஷ்கள் சப்வூஃபர் பணிபுரியும் எல்லைக்குள்ளேயே அலமாரியை ஆட்டிக்கொண்டிருந்தன.

எந்தப் பலகை பாடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கை வைத்துப் பார்த்தால் எல்லாமே அதிர்வதுபோல்தான் தெரிந்தது. டிவிக்குக் கீழே குறுக்காக ஓடிய நான்கடித் தட்டின்மேல் சந்தேகம். அது மட்டும் 12 மில்லிமீட்டர். நடுவில் தாங்கல் கிடையாது. ஆசிரியையிடம் ஒரு கிண்ணம் கோலமாவு கேட்டு வாங்கி, தட்டின்மேல் மெல்லியதாகத் தூவி, ஒரே சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டு போனேன். 92 ஹெர்ட்ஸில் மாவு துள்ளத் தொடங்கியது. நடுப்பகுதியை விட்டு ஓடி, இரு முனைகளிலும் கரையாக ஒதுங்கி நின்றது. ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787-இல் மணல் தூவி உலகுக்குக் காட்டிய அதே காட்சி. மாவு ஓடிப்போன இடம் பலகை அதிகம் ஆடும் இடம். தாங்கல் கொடுக்க வேண்டியதும் அங்கேதான்.

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களை அப்போது நினைத்துக்கொண்டேன். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் நிற்கும். தட்டினால் நாதம் தருபவை ஒல்லியாக, இரு முனையும் பிடிபட்டு, நடுவில் விடுபட்டு நிற்கும் அந்தச் சிறு தூண்களே. நாதம் வேண்டிய சிற்பி கல்லை அப்படி மெலிதாக்கினார். நாதம் வேண்டாத நாமோ நான்கடிப் பலகையை அதே நிலையில் நிறுத்திவிட்டு, ஏன் பாடுகிறது என்று கேட்கிறோம். பலகையின் தடிமன் ஒன்றரை மடங்கானால் அதன் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளத்தைப் பாதியாக்கினால் அதன் சுருதி நான்கு மடங்கு ஏறிவிடும். சப்வூஃபர் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும்.

இரண்டு இருக்கை, இரண்டு நியாயம்

ரிமோட் சண்டைக்கு வருகிறேன். 12 அடி அகல அறையில், அறையின் அகலத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள அலை, அதாவது 48 ஹெர்ட்ஸ், இரு சுவர்களுக்கும் இடையே நின்றுவிடுகிறது. சுவரோரங்களில் அதன் அழுத்தம் உச்சம். அறையின் நடுக்கோட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆசிரியை சுவரோரம், கணவர் நடுக்கோட்டில். அளந்தபோது 48 ஹெர்ட்ஸில் இரு இருக்கைகளுக்கும் 14 டெசிபல் வித்தியாசம். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரு மடங்கு உரக்கத் தோன்றும். இருவர் சொன்னதும் உண்மைதான். காகிதத்தில் அந்த இரண்டு கோடுகளையும் காட்டியபோது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.

சப்வூஃபர் மூலைக்கு அருகில் இருந்ததால் இந்த நிலை முழு வீச்சில் தூண்டப்பட்டது. அதையே அகலத்தின் நடுவில், அழுத்தம் இல்லாத கோட்டில் வைத்தால் அந்த அலையைத் தூண்டவே முடியாது. அதனால் இடம் மாற்றம் அவசியம் என்று சொன்னேன். கூடத்தின் நடுவே வெளியே வைத்துவிடலாம் என்பது என் முதல் யோசனை. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி. கூம்புக்குள் விரலை விட்டுவிடுவாள் என்று இருவருமே மறுத்துவிட்டார்கள். நியாயமான மறுப்பு. அலமாரிக்குள்ளேதான் வழி தேட வேண்டும்.

பாய்

மாடக் கதவுகளைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சொல்லத் தயங்கினேன், அங்கேயும் தயங்கினேன். கதவுச் சட்டத்துக்குள் கண்ணாடியோ துணியோ இல்லாமல் பத்தமடைப் பாய் பதித்திருந்தார்கள். ஆசிரியை கடைசியாகப் பணியாற்றியது பத்தமடையில். பணி நிறைவு நாளில் மாணவர்களின் பெற்றோர் பின்னிக் கொடுத்த இரண்டு சிறிய பாய்கள் அவை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நூல்போலக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்தவை. கைவைத்தால் பட்டுபோல இருந்தது.

நெருக்கமான நெசவுதான் அந்தப் பாயின் பெருமை. அதுவேதான் ஒலிக்குத் தடை. ஸ்பீக்கர் முன்னால் எதைப் போடுவதானாலும் அதன்மேல் வாயை வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் வைத்த கையில் காற்று தடையின்றிப் பட்டால் ஒலியும் பெரும்பாலும் போகும். பாயில் காற்று போகவில்லை. கதவை மூடி அளந்தால் 10,000 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் காணாமற் போயிருந்தது. சகரமும் ஜாலரா ஓசையும் மங்கியதற்கு அது போதும். பாயை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு இடம் கிடைக்குமா என்று ஆசாரி அண்ணாச்சியும் நானும் அளவுகோலோடு அலமாரியைச் சுற்றி வந்தோம். கதவு ஒவ்வொன்றும் 14 அங்குலம். இரண்டும் சேர்ந்தால் 28. சப்வூஃபர் காலி செய்யப்போகும் அறையின் அகலமும் 28. அண்ணாச்சி அளவுகோலை மடக்கிவிட்டுச் சிரித்தார். உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது. அதற்கு மேலே ஒரு சட்டம் போட்டால் முடிந்தது.

செய்தது

நான்கு நாள் வேலை. ஸ்பீக்கரோ சப்வூஃபரோ புதிதாக வாங்கவில்லை.

"அண்ணாச்சி, சப்வூஃபர் அலமாரிக்குள் இருக்க வேண்டும், அலமாரியைத் தொடக் கூடாது" என்றேன். சற்று நேரம் குனிந்து பார்த்தார். "அப்படியானால் நடுவில் அடிப்பலகையை அறுத்துவிடுகிறேன் தம்பி. அது தரையில் நிற்கட்டும். அலமாரி அதைச் சுற்றி நிற்கட்டும்" என்றார். நான் நினைத்து வந்த எதையும்விட அது மேலான வழி. கிரானைட் தரையின் கனத்தை இந்தச் சப்வூஃபரால் அசைக்க முடியாது. பஞ்சு, ரப்பர் எதுவுமே வேண்டாம்.

நடு இழுப்பறைகளை இடக்கோடிக்கு மாற்றி, டிவிக்கு நேர் கீழே 20 அங்குல இடைவெளியில் இரண்டு செங்குத்துப் பலகைகளை நிறுத்தினார். அவையே கோலமாவு காட்டிய தட்டுக்கும் தாங்கலாயின. 48 அங்குலமாக இருந்த இடைவெளி உச்சமாக 20 ஆனது. அதன் சுருதி ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சப்வூஃபரின் பக்கங்களில் மூன்று அங்குலம் இடைவெளி. முதுகுப் பலகையை அங்கே முழுதாக எடுத்துவிட்டோம். சப்வூஃபரின் காற்றுத்துளையின் விட்டம் மூன்று அங்குலம், சுவருக்கும் அதற்கும் குறைந்தது அந்த அளவு இடம் விட்டோம். சூடான காற்று மேலேற, தட்டின் பின்விளிம்பில் நீளத் துளை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் இருக்கும் அறைக்கும் பின்னால் திறப்பு, மேலே 10 சென்டிமீட்டர் இடம். சப்வூஃபர் முன்னால் பேத்தியின் விரல் போகாத பிரம்பு வலைக் கதவு.

மாடங்களையும் புத்தகத் தட்டுகளையும் இடம் மாற்றினோம். இப்போது மாடங்கள் அலமாரியின் இரு கோடிகளில். ஸ்பீக்கர்களுக்கு இடையே 7 அடியாக இருந்தது எட்டே முக்கால் அடியாயிற்று. சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்தோம். முன்பு கேட்பவருக்கு இரண்டு ஸ்பீக்கரும் மொத்தம் 30 பாகைக்குள் ஒடுங்கியிருந்தன, இப்போது 47. முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 22 முதல் 30 பாகை விலகி இருக்கலாம் என்பது ஒலித்தொழில்நுட்ப நிறுவனமான டால்பியின் வழிகாட்டுதல், அதற்குள் வந்துவிட்டோம். நாதசுரம் ஓரிடத்திலும் தவில் வேறிடத்திலும் நிற்பது அதற்குப் பிறகுதான் கேட்டது.

ஸ்பீக்கர்களின் முகத்தை மாட விளிம்போடு சமமாக முன்னே கொண்டுவந்து, பின் துளையை நுரை உருளையால் அடைத்தோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்வதால் இழப்பில்லை. ஸ்பீக்கரைச் சுற்றிய வெற்றிடத்துக்கு இலவம் பஞ்சு. மெத்தை தைப்பவரிடம் பருத்தி உறையில் சிறு திண்டுகளாகத் தைத்து வாங்கினோம். இறுக்கித் திணிக்கக் கூடாது. காற்று நுழைந்து களைத்துப்போகும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இலவம் பஞ்சு சட்டென்று தீப்பற்றும். ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஸ்பீக்கர் மாடத்தில் மட்டுமே வைத்தேன். சப்வூஃபர், ரிசீவர் அறைகளில் ஒரு இழைகூட வைக்கவில்லை. ஸ்பீக்கர் முகத்துக்கும் பலகைக்கும் இடையே இருந்த இடுக்கைக் கம்பளிப் பட்டையால் மூடினோம். பலகை சுற்றி வந்ததால் கூடும் தாழ்சுருதியை ரிசீவரில் 3 டெசிபல் குறைத்தேன். கண்ணாடிக் கதவுகளுக்கும் விளக்கின் அடிக்கும் கம்பளித் துண்டு.

அளந்ததும் மிஞ்சியதும்

150 ஹெர்ட்ஸ் மேடு 7-இலிருந்து 2 டெசிபலுக்கு இறங்கியது. இரண்டு இருக்கைகளுக்கும் 48 ஹெர்ட்ஸில் இருந்த வித்தியாசம் 14-இலிருந்து 4. அதே முப்பது சொற்களை வேறு வரிசையில் ஒலிக்கவிட்டார் ஆசிரியை. விடைத்தாளில் 28 சரி. தவறிய இரண்டில் ஒன்று தன் உச்சரிப்பின் பிழை என்று சொல்லி அரை மதிப்பெண் சேர்த்துக் கொடுத்தார். தொப்பி இப்போது விழுந்து எழுகிறது. கணவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டு தொடையில் தாளம் போட்டார், எதுவும் பேசவில்லை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அறையின் 16 அடி நீளத்துக்குரிய 36 ஹெர்ட்ஸ் அலையைச் சப்வூஃபர் முன்சுவரில் இருக்கும்வரை தூண்டிக்கொண்டுதான் இருக்கும். சோபாவை முன்னே இழுத்ததில் 3 டெசிபலுக்கு மேல் தணிந்தது. சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் இன்னும் 4 குறைத்தேன். இருந்தும் சில பதிவுகளில் அது எட்டிப் பார்க்கிறது. முகம் சமமாகப் பதிந்திருப்பதால் ஸ்பீக்கர்களைக் கேட்பவர் பக்கம் திருப்பவும் முடியவில்லை. மிக உயர்ந்த ஒலியில் கூர்மை சற்றுக் குறைவு. அலமாரிக்குள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நாம் கொடுக்கும் விலை அது. அதை வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஆசிரியை மீண்டும் அழைத்தார். பிரம்பு வலைக் கதவு ஈரத்தில் ஊதிச் சட்டத்தில் உரசி, கீழ்ச்சுருதியில் 'ட்ர்ர்' என்றது. ஆசாரி அண்ணாச்சி வந்து இழைப்புளியால் ஓரத்தை ஒரு நூல் குறைத்து, கம்பளிப் பட்டையை மாற்றி ஒட்டினார். இடக்கோடியில் பத்தமடைப் பாய்க் கதவுகள் மூடியிருந்தன. உள்ளே இழுப்பறைகளில் பேத்தியின் பொம்மைகள். 36 ஹெர்ட்ஸுக்காகப் பின்சுவரில் கனமான கம்பளிச் சட்டங்கள் வைப்பது பற்றிப் பேசினோம்; ஓரடி தடிமனாவது இல்லாமல் அந்த அலையை அவை தொடாது என்பதையும் சொன்னேன். தை பிறந்ததும் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.